அப்பா படித்த பாடம்

என் தொழில் எழுத்து. வீட்டு வாடகை, பால் கணக்கு, மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் எழுத்தின் தயவில்தான் தீர்கின்றன. அப்படிப்பட்டவனுடைய பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை என்று ஒரு நாள் வெட்ட வெளிச்சமானால் எப்படி இருக்கும்? கடலை வியாபாரி வீட்டில் கடலை இல்லாத கதைதான். வெளியில் சொல்ல வெட்கமான விஷயம். ஆனாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். இதைப் படிக்கும் தாய்மார்களில் யாராவது ஒருவர், இன்று மாலை தம் குழந்தையின் தலையில் வைக்கப் போகும் குட்டை வைக்காமல் விட்டாரானால், என் வெட்கத்துக்கு விலை கிடைத்ததாக நினைத்துக் கொள்வேன்.

2023-ஆம் வருஷம் ஜூலை மாதம். என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில்தான் அவனைச் சேர்த்திருந்தோம். இந்தச் செய்தி எங்கள் உறவினர்களிடையே பெரிய பரபரப்பை உண்டாக்கியிருந்தது. “ஏன், உங்களுக்குப் பணக் கஷ்டமா?” என்று சிலர் அனுதாபத்துடன் கேட்டார்கள். “பத்திரிகைக்காரர் அல்லவா? ஏதோ கொள்கை!” என்று சிலர் சிரித்தார்கள். உண்மையில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது. தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள். டீச்சர் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கும் என் மனைவிக்கும் அது போதும் என்று தோன்றியது.

ஆனால் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். உறவினர்கள் கேலி செய்யச் செய்ய, ‘இந்தப் பையன் பிரமாதமாகப் படித்து இவர்கள் வாயை அடைக்க வேண்டும்’ என்ற ஆசை எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. ஏழு வயசுக் குழந்தையின் தலையில், புத்தகப் பையோடு என்னுடைய மானத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டேன்.

ஒட்டிக் கொண்ட காகிதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அண்ணா வந்திருந்தார். காப்பி ஆனதும், “என்னடா மருமகனே, உன் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்?” என்று ஆரம்பித்தார். இதற்காகவே காத்திருந்தவன் போல் நான், “புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து மாமாவுக்குப் படித்துக் காட்டு, ராஜா” என்றேன்.

பையன் வந்தான். புத்தகத்தைப் பிரித்தான். விரலை வைத்துக்கொண்டு கணீரென்று படித்தான். ஒரு இடத்தில் கூடத் தட்டவில்லை. என் முகத்தில் பெருமை வழிந்திருக்க வேண்டும். மைத்துனர் கூடத் தலையை ஆட்டினார். பக்கம் முடிந்தது, திருப்பினான், மேலே படித்தான்.

மைத்துனர் மெல்லக் குனிந்து பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்தார். இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பியிருந்தன. பையனுடைய விரல் ஆறாம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாய் நான்காம் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது!

“அட, புத்தகமே வேண்டாம் போலிருக்கிறதே!” என்று மைத்துனர் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்துடன் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அன்றைய பத்திரிகையை எடுத்து, பெரிய எழுத்தில் இருந்த தலைப்பைக் காட்டி, “இதைப் படி” என்றேன். பையன் விழித்தான். “முதல் எழுத்து என்ன?” சொன்னான். “அடுத்தது?” சொன்னான். “இரண்டையும் சேர்த்துச் சொல்!” பேச்சே இல்லை. உதடு மட்டும் நடுங்கிற்று.

மைத்துனர் தெருக் கோடியைத் தாண்டுகிறவரை பொறுத்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, “இத்தனை நாளாக என்னை ஏமாற்றிக் கொண்டிருந்தாயா?” என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். வலுவான குட்டுத்தான்.

அன்று முதல் தினசரி மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டில் நீதிமன்றம் கூடிற்று. நான் நீதிபதி. அவன் குற்றவாளி. ‘கொடி’ என்ற வார்த்தையைக் காட்டினால் ‘கெரடி’ என்பான். ‘பள்ளி’யை ஒரு நாள் ‘பல்லி’ என்பான். மறுநாள் ‘பள்ளி’ என்பான். நான் கத்துவேன். அவன் அழுவான். என் மனைவி சமையல் உள்ளிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அதோடு அன்றைய சபை கலையும்.

இரண்டாவது வாரம் பையனுக்குக் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. என் அம்மா இதைக் கவனித்துவிட்டு ஒரு வாரம் கழித்துச் சொன்னாள்: “டேய், இந்த வயிற்று வலிக்குச் சனி, ஞாயிறு லீவுடா. அது வியாதி இல்லை. உன் பயம்.”

நான் கேட்டுக் கொள்ளவில்லை. என்னைக் கேட்க வைத்தது வேறொன்று. ஓர் இரவு படுக்கை அறைப் பக்கம் போனேன். உள்ளே பையன் தன் தாயிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தான்:

“அம்மா, இனிமே மாமா வரும்போது நான் பாட்டி ரூமிலேயே இருந்துடட்டுமா? அப்பாவுக்கு வெட்கமா இருக்காதே.”

நேயர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சின்ன பெஞ்சில் பெரிய மனிதர்

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகும்போது கூட, குற்றத்தைப் பாதியாவது டீச்சர் தலையில் வைத்துவிடலாம் என்ற நப்பாசை இருந்தது. எனக்குக் கையில் ஓர் ஆயுதமும் கிடைத்திருந்தது. வகுப்பில் பிள்ளைகளை ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ என்று மூன்று நிலையாக வைத்திருந்தார்கள். என் பிள்ளை ‘அரும்பு’!

அந்த மூன்று பெயர்களும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வருபவை. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள், தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் குழந்தைகள் வகுப்பையே பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரே வகுப்பில் ஒரு குழந்தைக்கு எழுத்தே தெரியாது. பக்கத்துக் குழந்தை கதை படிக்கும். எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் யாருக்குப் பிரயோஜனம்? அதனால் 2022-23-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு இந்தத் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதல்ல, எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பது அதன் நோக்கம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஊரார் பிள்ளை அரும்பாக இருப்பது வேறு, என் பிள்ளை அரும்பாக இருப்பது வேறு!

டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். அங்கே இருந்தது குழந்தைகள் உட்காரும் பெஞ்சு. உட்கார்ந்ததும் என் முழங்கால் இரண்டும் முகவாய்க்கட்டைக்கு அருகில் வந்துவிட்டன. அந்த நிலையில் ஒரு மனிதன் அதிகமாகக் கோபப்பட முடியாது.

“மலர்ப் பயிற்சியை இவனிடம் கொடுத்தால் இரண்டு தரம் கேட்டுவிட்டு மனப்பாடமாக ஒப்பித்துவிடுவான், ஸார். அரும்பைக் கொடுத்தால் நிஜமாகப் படிப்பான். உங்களுக்கு எது வேண்டும்?” என்று டீச்சர் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

“அவன் உங்களை ஏமாற்றவில்லை. அவனுக்குக் கேட்கிற ஞாபகம் ரொம்ப அதிகம். காது படித்துவிட்டது, கண் இன்னும் படிக்கவில்லை. காது இவ்வளவு நன்றாக இருக்கிற பிள்ளைக்குக் கண்ணும் வந்துவிடும். நடுவில் நாம் அவசரப்படாமல் இருக்க வேண்டும்.”

பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கொண்டு, “வீட்டில் குட்டினீர்களா?” என்றார்.

“ஒரு தரம்...” என்று இழுத்தேன்.

“நான் குட்டினால் சட்டம் கேட்கும், ஸார். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளிக்கூடத்தில் குழந்தையை அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது என்கிறது. வீட்டில் உங்களை யார் கேட்பது? நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.”

தமிழ் எழுத்துப் படுத்தும் பாடு

அன்று அரை மணி நேரம் அந்த வகுப்பில் இருந்தேன். தரையில் வட்டமாகக் குழந்தைகள். சுவரின் கீழ்ப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதே இப்படித் தாழ்வான பலகைகள் வந்துவிட்டன. 2007-08-இல் அந்த முறை தமிழ்நாடு முழுவதும் பரவியது. கரும்பலகை பெரியவர் உயரத்தில் இருந்தால் அது ஆசிரியருடையது. குழந்தை உயரத்தில் இருந்தால் குழந்தையுடையது. சின்ன விஷயந்தான். ஆனால் என்ன வித்தியாசம்!

டீச்சர் எனக்கு ஒன்றை விளக்கினார். நமக்கு எழுத்து பழகிவிட்டதால் அதன் கஷ்டம் மறந்துவிட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனையையும் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டியதில்லை. மெய்யையும் அதோடு சேரும் குறிகளையும் தெரிந்துகொண்டால் போதும். அந்தக் குறிகளில்தான் குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள்.

‘கெ’ என்பதில் முதலில் ஒலிப்பது க்; பிறகுதான் எகரம். ஆனால் எழுதும்போது ஒற்றைக் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது! ‘கொ’வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். அந்தக் கால் பார்ப்பதற்கு ஏறக்குறைய ‘ர’ மாதிரியே இருக்கிறது. என் பையன் ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படித்தது மூடத்தனம் அல்ல. கண்ணுக்குத் தெரிந்ததை இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படித்திருக்கிறான்! ‘கௌதாரி’யில் வரும் குறியின் பின்பாதி ‘ள’ போலவே இருக்கிறது. ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம் ஒரு விதமாக ஒலிக்கிறது. ‘கல்’லில் வரும் ககரம் வேறு விதமாக ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். ல, ள, ழ மூன்றையும் பெரியவர்களே பேச்சில் ஒன்றாக்கிவிட்டோம். குழந்தை எந்தக் காதால் வித்தியாசம் கண்டுபிடிக்கும்?

நான் வாயைத் திறந்து ‘பள்ளி’, ‘பல்லி’ இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக் கொண்டார். என் வாயிலும் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

விடை பெறும்போது டீச்சர் சொன்னார்: “வீட்டில் இன்னொரு பள்ளிக்கூடம் நடத்தாதீர்கள். தினம் கால் மணி நேரம் நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். அவன் தடுமாறினால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கலாம்.”

கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஜன்னல்

அன்று மாலை பையனைக் கூப்பிட்டேன். வழக்கம் போல் புத்தகத்தோடு வந்தான். “புத்தகம் வேண்டாம். நான் உன்னைக் குட்டினது தப்பு” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, “வலிக்கலை, அப்பா” என்றான். அவன் சொன்ன பொய்களில் அது ஒன்றைத்தான் நான் மறக்கவில்லை.

பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். காசு செலவில்லாத காரியங்கள்.

முதலாவது, படித்துக் காட்டுவது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னக் கதைப் புத்தகம். நான் படிப்பேன், விரல் மட்டும் வார்த்தையின் கீழே நகரும். அவனை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நான்கு நாள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் தன் விரலை என் விரலுக்கு முன்னால் வைத்தான்.

இரண்டாவது, ஜன்னல் அட்டை. இது என் மனைவியின் யுக்தி. வீட்டில் சேர்ந்து போன கல்யாணப் பத்திரிகை ஒன்றின் கெட்டி அட்டையில், ஒரு வார்த்தை மட்டும் தெரியும்படி நீள்சதுரமாக ஜன்னல் வெட்டினாள். அதைப் பாடத்தின் மேல் வைத்து, கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்கு வரச் சொன்னாள். பின்னாலிருந்து வந்தால் மனப்பாடம் உதவாது. கண் வேலை செய்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான். பதினொன்றாவது கேட்டால் கிடையாது! அதனாலேயே அவன் பதினொன்றாவதைக் கேட்க ஆரம்பித்தான்.

மூன்றாவது, எழுத்துக் குடும்பம். ‘படம்’ என்று எழுதுவோம். ஒரு கால் போட்டால் ‘பாடம்’. ஒரு புள்ளியும் எழுத்தும் கூடினால் ‘பட்டம்’. கடைசியை மாற்றினால் ‘பட்டு’, பிறகு ‘பாட்டு’. கால் மணியில் ஐந்து வார்த்தை. தானே உண்டாக்கிய வார்த்தை என்றால் குழந்தைக்கு அதன் மேல் ஒரு தனிப் பாசம்.

நான்காவது, எழுத்துக்கு வீட்டில் வேலை கொடுப்பது. மளிகை ஜாபிதாவை அவனே எழுத வேண்டும். ‘பருப்பு’ என்பதைப் ‘பறுப்பு’ என்று எழுதினான். திருத்தவில்லை. கடைக்காரர் படித்துவிட்டுப் பருப்புத்தான் கொடுத்தார். ‘எழுதினால் சாமான் வருகிறது’ என்ற உண்மை, நான் நடத்திய பதினைந்து நாள் நீதிமன்றத்தைவிட அதிகமாகச் சாதித்தது. ‘ரு’வையும் ‘று’வையும் பிறகு பார்த்துக் கொண்டோம்.

பாட்டியின் அரிசித் தட்டு

இந்தச் சமயத்தில் என் அம்மாவும் களத்தில் இறங்கினாள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பேரன் விரலைப் பிடித்து எழுத வைத்தாள். விஜயதசமி அன்று செய்வதுதானே என்று நான் அலட்சியமாக இருந்தேன். ஆனால் இதில் பெரிய விஷயம் இருக்கிறது. விரல் தடவிப் பழகிய எழுத்தைக் கண் சீக்கிரம் அடையாளம் காணும். மரியா மாண்டிஸோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, அவற்றைக் குழந்தைகள் விரலால் தடவும்படி செய்தார். அந்த அம்மையார் 1939-இல் நம் சென்னை அடையாறுக்கு வந்து தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பெயரை என் அம்மா கேள்விப்பட்டதில்லை. கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அவளுக்கு அவளுடைய பாட்டி சொல்லிக் கொடுத்த வழி இது.

ஒரு நாள் மட்டும் பெரிய கலவரம். அம்மா ‘மலை’ என்று எழுதினாள். பையன், “பாட்டி, இது என்ன எழுத்து? இப்படி ஒரு எழுத்தே இல்லை!” என்றான். “நான் படிச்ச எழுத்துடா!” என்று அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. யானை துதிக்கையைத் தூக்கினாற்போல் வளைத்து எழுதும் பழைய ‘லை’ அது! 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது லை, ளை, ணை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துக்களின் உருவம் மாறிற்று. பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் கையாண்ட மாற்றம். அம்மா அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டவள். கை பழைய வழியிலேயே போகிறது.

நான் இருவருக்கும் மத்தியஸ்தம் செய்து, சரித்திரத்தைச் சொன்னேன். பையனுக்கு அளவில்லாத சந்தோஷம். பாட்டிக்கே தெரியாத எழுத்து ஒன்று தனக்குத் தெரிகிறது! அன்று மாலை தாம்பாளத்துக்கு முன்னால் பாட்டி மாணவியானாள், பேரன் வாத்தியாரானான். “இல்லை பாட்டி, இன்னொரு தரம்... பரவாயில்லை, மெதுவா எழுது” என்று அவன் சொல்லிக் கொடுத்த அழகைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் வீட்டிலேயே நல்ல உபாத்தியாயர் அவன்தான் போலிருக்கிறது.

கடனா? சில்லறையா?

கணக்கிலும் இப்படி ஒரு வேடிக்கை. 42-லிருந்து 17-ஐக் கழி என்றால் 35 என்று விடை எழுதியிருந்தான். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிட்டான். குழந்தைகள் பலர் செய்யும் தவறு இது. நான் என் பழைய பாணியில், “இரண்டு போதாது. பக்கத்து வீட்டிலே ஒன்று கடன் வாங்கு” என்றேன்.

அவன் யோசித்தான். “எப்போ திருப்பிக் கொடுக்கிறது, அப்பா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் படித்த காலத்திலிருந்து எத்தனை கடன் வாங்கியிருக்கிறேன்! ஒன்றையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

என் மனைவி பாங்கியில் வேலை பார்க்கிறவள். அவள் வந்து நாலு பத்து ரூபாய் நோட்டையும் இரண்டு ஒரு ரூபாய்க் காசையும் அவன் கையில் கொடுத்தாள். “எனக்குப் பதினேழு ரூபாய் கொடு” என்றாள். அவன் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தான். ஏழு ரூபாய்க்குக் காசு போதவில்லை. “இந்த நோட்டுக்குச் சில்லறை கொடும்மா” என்று தானே கேட்டான். பத்துக் காசு கிடைத்தது. கையில் பன்னிரண்டு ஆயிற்று. ஏழைக் கொடுத்தான். மிச்சம் இரண்டு நோட்டு, ஐந்து காசு. “இருபத்தைந்து!” என்று கத்தினான். அது கடன் இல்லை. நோட்டை மாற்றிச் சில்லறை வாங்குவது. இந்த உண்மை எனக்கும் அன்றுதான் சரியாக விளங்கிற்று.

பிறகு பாட்டி ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தாள். சில்லறை வேண்டும்போது ஒரு கட்டை அவிழ்ப்பான். சில வாரங்களில் கட்டை அவிழ்க்காமல் மனசிலேயே அவிழ்க்கத் தொடங்கினான்.

ஐந்து எண்ணுவது

இத்தனையிலும் கஷ்டமானது எது என்று கேட்டால், ஐந்து வரை எண்ணுவதுதான். குழந்தை ஒரு வார்த்தையில் நின்றுவிட்டால் நமக்குப் பொறுக்காது. உடனே எடுத்துக் கொடுத்துவிடுவோம், அல்லது கத்திவிடுவோம். இரண்டுமே ஒன்றுதான். அந்தச் சில விநாடிகளில்தான் குழந்தை உள்ளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை நாம் பிடுங்கிக் கொள்கிறோம். நான் மூன்று எண்ணுவதற்குள் வாயைத் திறந்த நாட்கள் பல. வேலைக் களைப்போடு வந்து எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது என்று எனக்கும் என் மனைவிக்கும் ஓர் ஒப்பந்தம். ஒரு நாள் படிக்காமல் போனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. பயந்துகொண்டே படித்தால் முழுகிப் போகும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான்கு மாதம் பொறுமையாக இருந்தும் குழந்தைக்கு எழுத்தே பிடிபடவில்லை, அல்லது எழுத்துக்கள் கலங்கித் தெரிகின்றன என்று சொல்கிறது என்றால், கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கரும்பலகை தெரியாததால் மக்குப் பட்டம் வாங்கிய குழந்தைகள் உண்டு. சில குழந்தைகளுக்குப் படிப்பதில் மட்டும் பிறவியிலேயே ஒரு தடை இருக்கும். அவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவை. எதுவானாலும் அதற்கு மருந்து குட்டு அல்ல.

வயிற்று வலி எப்போது நின்றது என்று எங்களுக்கு நினைவில்லை. ஒரு நாள் அம்மாதான், “என்னடா, வியாதிக்காரனைக் காணோம்?” என்று கேட்டாள்.

டிசம்பர் மாதத்தில் மைத்துனர் மறுபடி வந்தார். நான் பையனைக் கூப்பிடவில்லை. அவனே வந்தான், பாட்டி ரூமுக்குப் போகவில்லை. மாமாவின் கையில் இருந்த மிட்டாய் டப்பாவைப் பார்த்தான். விரலை வைத்துக்கொண்டு, மெதுவாக, நடு நடுவே நின்று, கடையின் பெயரைப் படித்தான். ஒரு வார்த்தையில் ரொம்ப நேரம் நின்றான். மைத்துனர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

சொல்லிவிட்டான்.

ஜூலையில் கணீரென்று படித்தானே, அதைவிட இது எவ்வளவோ தடுமாற்றமான படிப்புத்தான். ஆனால் இது அவனுடைய படிப்பு. மைத்துனருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. டப்பாவை அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டார்.

வருஷ முடிவில் அவன் ‘மலர்’ ஆனானா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கில் ஆனான். தமிழில் ‘மொட்டு’வரை வந்தான். அது எனக்குப் போதும் என்று சொன்னால் மைத்துனர் நம்பமாட்டார். நீங்கள் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த கோடை விடுமுறையில் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பையன் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன், என் தோளைத் தட்டினான்.

“அப்பா, ‘பல்லிக்கூடம்’னு அடிச்சிருக்கே. சுவத்துல இருக்கிற பல்லி அது.”

பார்த்தேன். உண்மைதான். அவசரத்தில் விரல் தவறியிருந்தது. திருத்தினேன்.

“பரவாயில்லை, அப்பா. மெதுவா அடி” என்று சொல்லிவிட்டு அவன் விளையாடப் போனான்.